தளம் இடம் மாறிய பின் கையேட்டின் பழைய இணைப்புகளைச் சரிசெய்யும் முறை

இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு பனியன் கம்பெனியின் கணக்கர் என்னை அழைத்தார். திருப்பூர் மங்கலம் சாலையில் அவர்களுடைய யூனிட். டையிங்குக்கு, அதாவது சாயமேற்றப் போன 500 கிலோ துணி 462 கிலோவாகத் திரும்பி வந்திருக்கிறது. குறைந்த 38 கிலோவை எந்தக் கட்டத்தில் பதிவது என்று எங்கள் மென்பொருளின் கையேட்டைத் திறந்திருக்கிறார். அதில் இரண்டு வரியும், விரிவான விளக்கத்துக்கு ஓர் இணைப்பும் இருந்தன. "அம்மிணி, மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டேன். உங்கள் கம்பெனி விளம்பரம்தான் வருகிறது. விளக்கம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

இரண்டு வாரம் முன்புதான் எங்கள் விளக்கக் கட்டுரைகள் எல்லாம் புதிய தளத்துக்கு மாறியிருந்தன. மாற்றிக்கொடுத்தவர்கள் பழைய முகவரிகள் அத்தனையையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். இணைப்புகளைச் சோதிக்கும் கருவியை ஓட்டினால் எல்லாமே 200, அதாவது நலம் என்றே காட்டியது. பக்கம் திறக்கிறதா என்பது மட்டுமே கருவிக்குத் தெரியும். 38 கிலோவுக்கு அங்கே விடை இருக்கிறதா என்று ஓர் ஆள்தான் பார்க்க வேண்டும். கையேடு எழுதும் வேலையில் இருப்பவர்களுக்காக, அதற்குப் பிறகு நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பழைய சர்வரை நிறுத்துவதற்கு முன் அதன் தள வரைபடக் கோப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த முகவரிகள் இருந்தன என்பதற்கு அதுதான் சாட்சி. லாக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். எந்தப் பக்கத்துக்கு ஆட்கள் உண்மையில் வந்தார்கள் என்பது அதில் இருக்கும். வேலையை எங்கே தொடங்குவது என்று அதை வைத்துத் தீர்மானிக்கலாம். சர்வரை நிறுத்திய பிறகு இவை கிடைப்பது கடினம். அப்படி ஆகிவிட்டால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடுங்கள். 1996 முதல் இணையப் பக்கங்களின் நகல்களைச் சேர்த்துவருகிறார்கள். பழைய கட்டுரையின் தலைப்பையாவது அங்கே பார்த்துவிடலாம்.

அடுத்து, இணைப்புகள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். கையேட்டின் மார்க்டவுன் கோப்புகள் கண்ணுக்குத் தெரிந்தவை. மென்பொருளின் உதவிப் பொத்தான், பிழைச் செய்திகள், பதிப்புக் குறிப்புகள், பிடிஎஃப், பயிற்சியின்போது கொடுக்கும் அச்சுத் தாள் ஆகியவற்றிலும் இருக்கும். எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு. வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பவர்கள் வாட்ஸ்அப்பில் தயார் பதில்கள் சேமித்து வைத்திருப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படி இருந்த பதில்களில் பாதிக்கு மேல் பழைய முகவரிதான் இருந்தது.

கோப்புகளில் தேடும்போது முழு முகவரியைக் கொடுத்துத் தேடாதீர்கள். ஒரே முகவரியைச் சிலர் https:// என்ற முன்னொட்டுடன் எழுதியிருப்பார்கள், சிலர் இல்லாமல் எழுதியிருப்பார்கள். தளத்தின் பெயரை மட்டும் கொடுத்து கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கிட் கிரெப் (git grep) கட்டளையால் தேடினால் எல்லாம் அகப்படும்.

தமிழில் முகவரி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். நூல் கோன் கணக்கைப் பற்றிய எங்கள் கட்டுரையின் முகவரியில் 'கோன்' என்ற சொல் இருந்தது. எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடில் அது நான்கு குறியீடுகள்: க, ஓகாரக் குறி, ன, புள்ளி. அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக, 'கோன்' என்பது 36 எழுத்து நீளமான சரமாகிவிடும். கையேட்டில் சில இடங்களில் தமிழாகவும் சில இடங்களில் இந்த 36 எழுத்தாகவும் இருந்தது. ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது.

அதையும் சரிசெய்த பிறகு ஓர் இணைப்பு மட்டும் தேடலில் சிக்கவே இல்லை. திரையில் பார்த்தால் அதே 'கோன்' தான். நகலெடுத்து எண்ணிப் பார்த்தேன். 36க்குப் பதில் 45 எழுத்து. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக வரும் இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஆப்பிள் கணினிகளில் முன்பிருந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை கோப்புப் பெயர்களை இப்படிப் பிரித்தே சேமிக்கும். எங்கள் கட்டுரை பிறந்ததும் அப்படிப்பட்ட ஒரு கணினியில்தான். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தேடத் தொடங்கும் முன் எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி என்ற ஒருங்கிணைந்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பழைய முகவரிகளின் பட்டியலில் மட்டும் இரண்டு வடிவத்தையும் எழுதி வையுங்கள், ஏனெனில் வெளியில் யாரிடம் எந்த வடிவம் இருக்கிறதோ தெரியாது.

இனி அட்டவணை. பழைய முகவரி, புதிய முகவரி, குறிப்பு என மூன்று பத்தி போதும். பெரும்பாலான வரிகளைச் சட்டென்று நிரப்பிவிடலாம். ஒரு பழைய கட்டுரை இரண்டாகப் பிரிந்திருக்கும் இடத்தில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுடைய ஜாப் ஒர்க் கட்டுரை, டெலிவரி சலான் போடுவது ஒன்றாகவும் ஜாப் ஒர்க்குக்கான ஜிஎஸ்டியின் ஐடிசி-04 படிவம் நிரப்புவது ஒன்றாகவும் பிரிந்திருந்தது. கையேட்டில் அதைச் சுட்டிய ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துத்தான் எது எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்தேன். இதில் அவசரம் காட்டினால் சலான் போட வந்தவர் படிவத்தில் போய் நிற்பார்.

மொத்தமாக மாற்றும்போது நீளமான முகவரியை முதலில் மாற்றுங்கள். 'டையிங்' என்று முடியும் முகவரியை முதலில் மாற்றினால், 'டையிங்-இழப்பு' என்று நீளும் முகவரியின் முன்பாதியும் சேர்ந்து மாறி, எங்குமே இல்லாத ஒரு முகவரி உருவாகும்.

கையேட்டில் திருத்திவிட்டோமே என்று பழைய முகவரிகளை அப்படியே கைவிடக் கூடாது. நிறுவப்பட்ட பழைய பதிப்புகளிலும் அச்சுத் தாள்களிலும் அவை இருந்துகொண்டே இருக்கும். சர்வரில் ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்குரிய புதிய பக்கத்துக்கு 301 குறியீட்டுடன் திருப்பிவிடுங்கள். நிரந்தரமாக மாறிவிட்டது என்பது அதன் பொருள். சோதனை நடக்கும்போது தற்காலிகம் என்று சொல்லும் 302 போதும். தவறான 301ஐ உலாவி நினைவில் வைத்துக்கொண்டால், நீங்கள் திருத்திய பிறகும் வாடிக்கையாளரின் கணினி பழைய தவறான இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும். வேண்டுமென்றே நீக்கிய பக்கத்துக்கு 410 கொடுங்கள். எதுவும் பொருந்தாதவற்றை முகப்புப் பக்கத்துக்கு அனுப்பாதீர்கள். 404 வந்தால் பக்கம் இல்லை என்றாவது தெரியும். முகப்புப் பக்கம் வந்தால் தன் கைதான் தவறிவிட்டதோ என்று மூன்று முறை அழுத்திப் பார்ப்பார்கள். இந்தத் திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. வாடிக்கையாளர் கையில் அச்சு இருக்கும் வரை வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முகவரியில் # குறிக்குப் பின்னால் வரும் பகுதி சர்வருக்குப் போவதே இல்லை, உலாவிக்குள்ளேயே நின்றுவிடும். பக்கத்தின் நடுவில் உள்ள ஒரு தலைப்பைச் சுட்டும் இணைப்பைச் சர்வரில் சரிசெய்ய முடியாததற்கு அதுதான் காரணம். புதிய தளத்தில் அந்தத் தலைப்பின் பெயர் மாறியிருந்தால் பக்கம் திறக்கும், ஆனால் உச்சியிலேயே நிற்கும். இவற்றைத் தனியாகப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சோதனைக்கு நான் பயன்படுத்துவது லிச்சி என்ற கட்டற்ற கருவி. # பகுதியையும் பார்க்கும்படி தனியாகச் சொன்னால்தான் அது பார்க்கும். 403, 429 என்று வந்தால் உடனே அந்த இணைப்பை அழித்துவிடாதீர்கள். முதலாவது கருவியை உள்ளே விட மறுத்ததாக இருக்கலாம். இரண்டாவது நாம் அடுத்தடுத்து மிக வேகமாகக் கேட்டுவிட்டோம் என்று பொருள். உலாவியில் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டையிங் பட்டறைச் சுவரில் ஒட்டும் கியூஆர் குறியீட்டில் கட்டுரையின் நேர் முகவரியைப் போடாதீர்கள். உங்கள் சொந்தத் தளத்திலேயே எண் கொண்ட குறுமுகவரி ஒன்றை வைத்து, அதிலிருந்து திருப்பிவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் சுருக்க முகவரிகளை நம்ப வேண்டாம். கூகுளே தன் சுருக்க முகவரிச் சேவையை மூடப்போவதாக 2018இல் அறிவித்தது.

பிறருடைய தளங்களுக்குப் போகும் இணைப்புகளுக்கும் இதே கவனம் தேவை. 2013இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. அதைக் காட்டித்தான் இந்த வேலைக்கு எங்கள் முதலாளியிடம் ஒரு வாரம் வாங்கினேன்.

38 கிலோவைப் பதியும் வழியை இப்போது கையேட்டின் அந்தப் பக்கத்திலேயே ஆறு வரியில் எழுதிவிட்டேன். இணைப்பு அதன் கீழே இருக்கிறது. லிச்சி ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் தானாக ஓடி முடிவை எனக்கு அனுப்புகிறது. போன வாரம் இரண்டு இணைப்புகள் தவறு என்று வந்தன. ஒன்று வெறும் 429. மற்றொன்று, புதிதாகச் சேர்ந்த தம்பி பழைய வாட்ஸ்அப் பதிலிலிருந்து எடுத்துக் கையேட்டில் ஒட்டிய முகவரி. அதைத் திருத்தியபின் அந்தத் தயார் பதிலையும் அவனோடு உட்கார்ந்து மாற்றினேன்.