சிந்தசைசர் ஆசையா? மூன்று மாசம் மெஷின் வாங்காதே

14, 15 வயதில் இருக்கிறவர்களுக்காக எழுதுவதால் நீ, வா என்றே எழுதப்போகிறேன், பெரியவர்கள் யாராவது படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கையில் ஐயாயிரமோ ஆறாயிரமோ இருக்கிறது, பொங்கலுக்கு வந்தது, மாமா கொடுத்தது என்று சேர்த்த காசு, இதில் ஒரு சிந்தசைசர் வாங்கணும், எது நல்லது? என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான். இப்போதைக்கு எதுவும் வாங்காதே என்பதுதான் என் பதில். வயர் வைத்த ஹெட்போன் வீட்டில் இல்லையென்றால் அதை மட்டும் வாங்கு. ப்ளூடூத் வேண்டாம், கட்டையை அமுக்கினால் சத்தம் நிதானமாகக் கிளம்பி வந்து சேரும், பாட்டுக் கேட்க அது பரவாயில்லை, வாசிக்க முடியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊர்க் கடையில் சிந்தசைசர் என்று கேட்டால் பாதிக் கடைகளில் ரிதம் வைத்த கீபோர்டைத்தான் எடுத்து வைப்பார்கள். சர்ச்சிலும் கல்யாண ஆர்கெஸ்ட்ராவிலும் பார்த்திருப்பாயே, அதுதான். பியானோ, புல்லாங்குழல், தபலா என்று நூற்றுக்கணக்கில் டோன் உள்ளேயே இருக்கும், எண்ணைத் தட்டினால் வந்துவிடும். சிந்தசைசரில் அந்த டோனையே நீ செய்ய வேண்டும். ரெடிமேட் சட்டைக்கும் துணி எடுத்துத் தைப்பதற்கும் உள்ள வித்தியாசம். சினிமாப் பாட்டை ரிதத்தோடு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால் கீபோர்டே வாங்கிக்கொள், அதில் ஒரு குறையும் இல்லை, மேற்கொண்டு இதைப் படிக்க வேண்டியதும் இல்லை.

இன்னும் படிக்கிறாயா, சரி. லேப்டாப் ஒன்று வேண்டும், அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பாக இருந்தாலும் முயன்று பார்க்கலாம். வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, டெக்ஸெட் என்று மூன்று சாஃப்ட்வேர் சிந்தசைசர்கள் இருக்கின்றன, மூன்றையும் காசு கொடுக்காமல் முறைப்படியே இறக்கிக்கொள்ளலாம். வைட்டல் 2020-இல் வந்தது, காசு கொடுத்து வாங்கும் பதிப்பும் உண்டு, ஆனால் இலவசப் பதிப்பிலும் ஒலி உண்டாக்கும் இயந்திரம் அதேதான், கூட வரும் டோன்கள்தான் குறைவு, அதுவும் நல்லதுக்குத்தான். என்ன நடக்கிறது என்பதைத் திரையில் அசையும் படமாகவே காட்டும் என்பதால் கற்றுக்கொள்ள இதைவிட வசதியானது கிடையாது. பழைய லேப்டாப் இந்தப் படங்களுக்கே மூச்சு வாங்கினால் சர்ஜ் எக்ஸ்டிக்குப் போ. அது காசுக்கு விற்றுக்கொண்டிருந்த சாஃப்ட்வேர், 2018-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது, அதாவது உள்ளே இருக்கும் நிரலையே எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். டெக்ஸெட் கொஞ்சம் முரட்டுப் பிள்ளை, அதற்கு அப்புறம் வருகிறேன். லேப்டாப்பே இல்லையென்றால் ஏபிள்டன் நிறுவனம் சிந்தசைசர் கற்றுக்கொள்ள ஓர் இலவச வலைத்தளம் வைத்திருக்கிறது, போனின் பிரவுசரிலேயே திறந்து பார்க்கலாம். நண்பன் பென்டிரைவில் தரும் கிராக் சாஃப்ட்வேர் பக்கம் போகாதே. இலவசமாகவே இவ்வளவு கிடைக்கும்போது வைரஸை எதற்கு வீட்டுக்குள் கூப்பிட வேண்டும்?

மூன்றையும் தனியாகவே திறந்து வாசிக்கலாம், வேறு சாஃப்ட்வேர் தேவையில்லை. வைட்டலில் லேப்டாப் எழுத்துகளே கட்டைகள்: ஏ, எஸ், டி, எஃப் வரிசை வெள்ளைக்கட்டை, அதற்கு மேல் வரிசை கறுப்புக்கட்டை. விண்டோஸில் தட்டினால் தாமதமாக ஒலிக்கிறதா? ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு, செட்டிங்கில் பஃபர் அளவை, அதாவது லேப்டாப் ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலித் துணுக்குகளின் (சாம்பிள்) எண்ணிக்கையை, 256-க்குக் கொண்டுவா. நொடிக்கு 44,100 சாம்பிள் என்று கணக்குப் போட்டால் 256 என்பது கிட்டத்தட்ட 6 மில்லிசெகண்ட், இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து சத்தம் காதுக்கு வர ஆகும் நேரம்தான், அது உறுத்தாது. 1024-இல் வைத்தால் 23 ஆகிவிடும், விரல் ஒரு பக்கம் தாளம் ஒரு பக்கம் போகும். ரொம்பக் குறைத்தால் சத்தம் கரகரவென்று உடையும், உடையாத இடம் வரை மேலே ஏற்று.

இப்போது முக்கியமான விஷயம். திறந்ததும் ப்ரீசெட் பட்டியல், அதாவது ஏற்கெனவே செய்து வைத்த டோன்களின் வரிசை, கண்ணில் படும், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாய், எல்லாம் பிரமாதமாக இருக்கும், ஒரு வாரம் ஓடிவிடும், ஒன்றும் கற்றிருக்க மாட்டாய். நான் அப்படி ஒரு வருஷத்தையே தொலைத்தவன். மெனுவில் இனிஷியலைஸ் என்று ஒன்று இருக்கும், அதை அமுக்கு. எல்லாம் அழிந்து ஈ கத்துகிற மாதிரி ஒரு வறட்டுச் சத்தம் மட்டும் மிஞ்சும். அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு சின்ன வேலை செய். ஓ என்று சத்தமாக இழுத்துக்கொண்டே மெல்ல வாயை மூடி ம் என்று முடி. தொண்டையில் சுருதி மாறவில்லை, ஆனால் சத்தம் பிரகாசமாகத் தொடங்கி மங்கிப்போனது, இல்லையா? தொண்டை செய்ததுதான் ஆஸிலேட்டரின் வேலை, வாய் செய்ததுதான் ஃபில்டரின் வேலை. அந்த வறட்டுச் சத்தம் பெரும்பாலும் சா வேவ், ரம்பப் பல் வடிவம். 110 ஹெர்ட்ஸில் ஒரு கட்டையை அமுக்கினால் அதனுள் 220, 330, 440 என்று எல்லா மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கும். ஸ்கொயர் வேவுக்கு மாற்றினால் 330, 550 என்று ஒற்றைப்படை மடங்குகள் மட்டும், அதனால்தான் கிளாரினெட் மாதிரி உள்ளே வெற்றாகக் கேட்கிறது. லோபாஸ் ஃபில்டரை ஆன் செய்து கட்ஆஃப் குமிழைக் குறைத்துக்கொண்டே வந்தால் மேலே உள்ள மடங்குகள் ஒவ்வொன்றாக அடங்கும், வாய் மூடுகிற மாதிரியே. ரெசனன்ஸை, அதாவது கட்ஆஃப் இருக்கும் இடத்தை மட்டும் தூக்கிக் காட்டும் குமிழை, ஏற்றினால் விசில் அடிக்கும், ஹெட்போனில் காதைக் கிழித்துவிடும், முதலில் வால்யூமைக் குறைத்துக்கொள். அம்மா என்னடா கொய்ங்கென்று சத்தம் என்று கேட்டால் சரியான பாதையில் இருக்கிறாய்.

அடுத்தது என்வலப், கட்டையை அமுக்கியதிலிருந்து விட்ட பிறகு வரை சத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கும். அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்று நான்கு குமிழ்: சத்தம் ஏறும் நேரம், பிறகு இறங்கும் நேரம், கட்டையைப் பிடித்திருக்கும்போது நிற்கும் அளவு, விட்டதும் அடங்கும் நேரம். மனப்பாடம் செய்யாதே, வாத்தியங்களை நினைத்துக்கொள். மிருதங்கத்தில் கை பட்டதும் சத்தம், உடனே அடங்கிவிடுகிறது: அட்டாக் பூஜ்யம், டிகே குட்டி, சஸ்டெய்ன் பூஜ்யம். ஆர்மோனியத்தில் துருத்தியில் காற்று இருக்கும் வரை ஒலிக்கிறது: சஸ்டெய்ன் முழுசு. கோயில் மணி அடித்த பிறகும் இழுத்துக்கொண்டே போகிறது: டிகேயும் ரிலீஸும் நீளம். ஒரே சா வேவை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார், சத்தத்தின் குணமே ஆள் மாறிப்போகும். அதே என்வலப்பை வால்யூமுக்குப் பதிலாக ஃபில்டரின் மேல் இழுத்துப் போட்டால், கட்டையைத் தொட்டதும் பளிச்சென்று திறந்து மூடும், பாதி டான்ஸ் பாட்டுகளின் தடித்த கீழ்ச்சத்தம் (பேஸ்) இதுதான். எல்எஃப்ஓ என்பது இன்னும் சுலபம், கண்ணுக்குத் தெரியாத ஒரு கை உனக்காகக் குமிழை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. பிட்ச்சில், அதாவது சுருதியில், நொடிக்கு ஐந்தாறு முறை லேசாக ஆட்டினால் குரல் அசைவு, ஃபில்டரில் மெதுவாக ஆட்டினால் அலை.

முதல் வீட்டுப்பாடமாக நான் எல்லாருக்கும் தருவது சுருதிப்பெட்டி. இரண்டு ஆஸிலேட்டர், இரண்டும் சா வேவ், இரண்டாவதை 7 செமிடோன் (ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம், கறுப்பையும் சேர்த்து, ஒரு செமிடோன்) ஏற்று, அதாவது ஸவுக்குப் ப. ஃபில்டரைப் பாதி மூடி, அட்டாக்கைக் கொஞ்சம் நீட்டி, நடு ஸியிலிருந்து (மிடில் C) ஒரு ஆக்டேவ் கீழே உள்ள ஸியை அமுக்கிப் பிடி. கவனமாகக் கேட்டால் இரண்டு நொடிக்கு ஒருமுறை மெல்ல ஓர் அலை எழுந்து அடங்கும். கீபோர்டின் ப 700 சென்ட்டில் (ஒரு செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இருக்கிறது, இயற்கையாகச் சேரும் ப கிட்டத்தட்ட 702. இரண்டாவது ஆஸிலேட்டரின் ஃபைன் டியூனில் 2 சென்ட் ஏற்று, அலை கிட்டத்தட்ட நின்று இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பாட்டு வாத்தியார் தம்புராவின் முன்னால் உட்கார்ந்து காதை வைத்துத் தேடுவதும் இந்த இடத்தைத்தான். காந்தாரத்தில் வித்தியாசம் இன்னும் பெரிசு, 400-க்கும் 386-க்கும், அதையும் செய்து பார்.

இரண்டாவது, ஒரு டிரம். மேல் மடங்குகளே இல்லாத சைன் வேவ் மட்டும் எடுத்து, பிட்ச்சின் மேல் ஒரு குட்டி என்வலப்பைப் போட்டு, 200 ஹெர்ட்ஸிலிருந்து 50-க்குப் பொத்தென்று விழ வை, கிக் டிரம் வந்துவிடும். மூன்றாவது, மணி. அதற்குத்தான் டெக்ஸெட். அது 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-ஐப் போல எழுதப்பட்டது, ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்எம் முறை, ஓர் ஆஸிலேட்டர் இன்னொன்றின் சுருதியைப் படுவேகமாக ஆட்டும். இரண்டின் விகிதம் 1:2, 1:3 என்று முழு எண்ணாக இருந்தால் இனிமையான ஸ்வரம், 1:1.4 என்று கோணலாக வைத்தால் உலோகம். டெக்ஸெட்டின் திரை விமானி அறை மாதிரி இருக்கும், பயப்படாமல் இரண்டு ஆபரேட்டரை (இங்கே ஆஸிலேட்டருக்கு இதுதான் பெயர்) மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் அணைத்துவிடு.

ஒரு மாசம் போனதும் எழுத்துகளில் தட்டுவது சலிக்கும், கட்டை வேண்டும் என்று கை அரிக்கும். வாங்குவதற்கு முன் பரணைப் பார். சித்தப்பாவின் பழைய கீபோர்டு தூசியோடு கிடக்கிறதா? பின்னால் திருப்பினால் பிரிண்டருக்குப் போகும் சதுர மூஞ்சி யுஎஸ்பி துளையோ, ஐந்து ஊசி போகும் வட்டத் துளையோ இருக்கலாம். அந்த வட்டத் துளையில் மிடி என்று எழுதியிருந்தால் யோகம். மிடி என்பது எந்தக் கட்டை அமுக்கப்பட்டது என்று வாத்தியங்களும் கணினியும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் பொது மொழி, 1983-இல் வந்தது, அப்போது வந்த மெஷின்கூட ஒரு சின்ன மிடி-யுஎஸ்பி கேபிள் இருந்தால் இன்றைக்கும் லேப்டாப்போடு பேசும். போட்டியாக இருந்த கம்பெனிகளைச் சேர்ந்த டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷியும் இதற்காகக் கைகோத்தார்கள், 2013-இல் இருவருக்கும் சேர்த்து கிராமி கொடுத்தார்கள். பரணில் ஒன்றும் இல்லையென்றால் அந்த ஐயாயிரத்தை இப்போது எடு, 25 கட்டை மிடி கீபோர்டு செகண்ட் ஹேண்டில் தேடு. அதற்குச் சொந்தச் சத்தம் கிடையாது, லேப்டாப்புக்குக் கட்டை மட்டும்தான், இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. வேகமாக அடித்தால் சத்தம் கூடுகிறதா, பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும் சக்கரமோ பட்டையோ) இருக்கிறதா என்று பார். கமகம் பிடிக்க நினைக்கிறவனுக்கு அது இல்லாத கீபோர்டு உதவாது.

நிஜ மெஷின் மூன்று மாசத்துக்கு அப்புறம். சின்ன பட்ஜெட் என்றால் கோர்க் கம்பெனியின் வோல்கா வரிசையைப் பழசாகத் தேடலாம், 2013-இல் தொடங்கியது, ஆறு டபுள்-ஏ பேட்டரியில் ஓடும், ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிறது. வோல்கா கீஸில் ஒரே சமயத்தில் மூன்று ஸ்வரம்தான், கட்டையும் தொடுபட்டைதான், ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் குமிழ் வெளியே இருக்கிறது, கற்க அது போதும். பழசு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் மெஷின் 1981-இல் வந்து விலைபோகாமல் 1984-இல் நின்றது. 1982-இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் அதை வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ரெக்கார்டு செய்தார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சில வருஷத்தில் சிகாகோ பையன்கள் அதே மெஷினைச் சல்லிசாக வாங்கி, ஃபில்டர் குமிழைத் தாறுமாறாகத் திருகி ஆசிட் ஹவுஸ் என்று ஒரு புது இசையையே கிளப்பிவிட்டார்கள். இன்றைக்கு அந்த 303-இன் விலையைக் கேட்டால் உனக்கு மயக்கம் வரும்.

விற்கிறவர் வீட்டுக்குப் போகும்போது பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போ, உன் ஹெட்போனையும் எடுத்துக்கொள். எல்லாக் கட்டையையும் ஒவ்வொன்றாக அமுக்கு, எல்லாக் குமிழையும் முழுசாகத் திருகு. திருகும்போது கரகரவென்றால் பெரும்பாலும் தூசிதான், கான்டாக்ட் கிளீனரில் போய்விடும், ஆனால் அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். ஜப்பானிலிருந்து வந்த மெஷின் என்றால் பின்னால் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பார், நம் வீட்டு 230-இல் நேரே சொருகினால் போச்சு. அடாப்டரில் வோல்ட் மட்டும் பார்த்தால் பத்தாது, நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று ஒரு குட்டிப் படம் போட்டிருப்பார்கள், மெஷினிலும் அடாப்டரிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். நான் என் முதல் சிந்தசைசரில், 9 வோல்ட்தானே என்று வேறு ஏதோ பெட்டியின் அடாப்டரைச் சொருகினேன், ஒரு டிக் சத்தம், கொஞ்சம் பொசுங்கிய வாடை, ரிப்பேருக்கு 1,800 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடாப்டரில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி எந்த மெஷினுடையது என்று மார்க்கரால் எழுதிவிடு, சொருகுவது அதற்கு அப்புறம்.