எடை குறைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: சோறு இருக்க, மீன் போகிறது

கொழும்பில் போசணை ஆலோசனைக்கு வருபவர்களும், ஆலோசனை வழங்கப் புதிதாகத் தொடங்கும் இளையவர்களும், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் விட்ட தவறுகளையே மீண்டும் விடுவதைப் பார்க்கிறேன். சீனி, பொரியல், குளிர்பானம் பற்றி எல்லோரும் அறிவர். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

புரதத்தைக் கைவிட்டுக் கலோரியைக் குறைத்தல்

குறைவாக உண்பவர் நீண்ட காலம் வாழ்வார் என்ற செய்தி 1935இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கேயும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட எலி ஆய்விலிருந்து பரவியது. அந்த எலிகளுக்குக் கலோரி குறைக்கப்பட்டபோதும் புரதமும் விற்றமின்களும் கனியுப்புகளும் போதியளவு வழங்கப்பட்டன என்பதை இச்செய்தியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. குரங்குகளில் கிடைத்த முடிவுகளோ ஒத்துப்போகவில்லை: 2009இல் விஸ்கொன்சின் ஆய்வு ஆயுளில் நன்மை கண்டது, 2012இல் அமெரிக்கத் தேசிய முதுமை நிறுவனத்தின் ஆய்வு அதைக் காணவில்லை. மனிதர்களிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த கெலரி (CALERIE) என்ற ஆய்வில் கலோரியை 25 வீதம் குறைக்கத் திட்டமிட்டவர்களால் ஏறக்குறைய 12 வீதமே குறைக்க முடிந்தது. இரத்த அழுத்தமும் கொலஸ்திரோலும் சீரடைந்தன, ஆனால் எலும்பின் அடர்த்தியும் சற்றுக் குறைந்தது. ஆயுள் நீண்டதா என்பதை அந்த ஆய்வு அளக்கவே இல்லை.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு "குறைத்து உண்ணுங்கள்" என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு, வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரே சாட்சி. காலையில் வெறுந்தேநீரும் பிஸ்கட்டும், நண்பகலில் கொஞ்சம் சோறும் சொதியும், இரவில் இடியப்பமும் சம்பலும் என்று அவர் உண்டுவந்தார். மீனும் முட்டையும் கொழுப்பு என்று அஞ்சி நிறுத்தியிருந்தார், பருப்பையும் தொடுவதில்லை. தராசு இறங்க இறங்க, அவர் சென்றுவந்த எடைக் குறைப்பு நிலையத்தில் பாராட்டினார்களே தவிர, கதிரையிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த பின்னரே என்னிடம் வந்தார். "ரீச்சர், மீனை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன். "எடை குறைகிறதுதானே" என்றார்.

சக்தி போதாதபோது உடல் கொழுப்புடன் தசையையும் கரைக்கிறது. புரதம் குறைந்து, தசைக்கு வேலையும் இல்லாவிட்டால், இழப்பில் தசையின் பங்கு கூடுகிறது. முதுமையில் இழந்த தசையை மீட்பது மிகக் கடினம். ஆகவே முதியவர் ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம். சிறுநீரக நோயுள்ளவர் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். குறைக்க வேண்டியது சோற்றையும் தேங்காய்ப்பாலையும். மீனும் பருப்பும் கீரையும் தட்டில் இருக்கட்டும். தராசின் எண்ணை மட்டும் பார்த்துப் பாராட்டும் ஆலோசகர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் தணியவில்லை.

நடந்ததற்கு ஈடாக உண்ணுதல்

காலிமுகத்திடலில் அரை மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 100 கலோரி செலவாகும். அங்கேயே வாங்கும் ஓர் இறால் வடை அதை ஈடுசெய்துவிடும்.

நாள்தோறும் எடை பார்த்தல்

ஒரு நாளில் ஏறி இறங்குவது பெரும்பாலும் நீரே.

ஒரே கணக்கை நம்புதல்

எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறைகிறது. முதல் மாதத்தின் வேகம் ஆறாம் மாதத்தில் இராது.

மருந்தை மறத்தல்

இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர், உணவைக் குறைக்கும் முன்னரே மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பற்றிப் பேச வேண்டும். சில மருந்துகளை முன்னைய அளவிலேயே எடுத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழும்.