மூன்று மொழிக்கும் ஒரே நோட்டா?

போன வருடம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் உள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபிரிட்ஜ் கதவு முழுக்கத் துண்டுச் சீட்டுகள். மஞ்சளில் கொரியன், பச்சையில் ஜப்பான் மொழி, ரோஸில் மாண்டரின் (சீனம்). எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த அக்கா மகள் மூன்றையும் ஒரே வாரத்தில் படிக்கத் தொடங்கியிருந்தாள். “நமக்கென்ன மாமா, ஏற்கெனவே மூணு நாலு மொழி பேசுறோமே” என்றாள்.

முதல் தவறே அதுதான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மொழி தானாக வரும் என்று நாமே நம்பிவிடுகிறோம். தமிழ் வீட்டில் வந்தது. மலாய், பக்கத்துக் கம்பத்து (மலாய்க் கிராமத்து) பிள்ளைகளோடு பந்து விளையாடி வந்தது. ஆங்கிலத்துக்குப் பள்ளியில் பதினோரு வருடம் உட்கார்ந்தோம் (எனக்கு அது இன்னும் முழுசாக வந்தபாடில்லை). சீனக் கடையில் நின்று நின்று கொஞ்சம் கண்டனீஸ் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனி இடம். தாவ்கே (கடை முதலாளி) முகத்தைப் பார்த்தால் வாய் தானே மாறிக்கொள்ளும். கைப்பேசியில் படிக்கிற மூன்று மொழிக்கும் அப்படியா? ஒரே திரை, ஒரே கட்டில், ராத்திரி அதே பத்து மணி.

சாயல் உள்ள மொழிகளைச் சேர்த்துத் தொடங்குவது இதைவிட மோசம். கொரியனும் ஜப்பான் மொழியும் சீனத்திலிருந்து எண்களைக் கடன் வாங்கியவை. ஆனால் வாங்கியது அப்படியே இல்லை. மாண்டரினில் ‘யீ’ என்றால் ஒன்று. கொரியனில் ‘இ’ என்றால் இரண்டு. ஜப்பான் மொழியில் இரண்டுக்கு ‘நி’. மாண்டரினில் ‘நீ’ என்றால் நம்முடைய ‘நீ’யேதான்! பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இரண்டு கட்டு சாவி கீரை கேட்கப்போய், கொரியன் நினைப்பில் ‘யீ’ என்றிருக்கிறாள் அக்கா மகள். கடைக்கார ஆன்ட்டி ஒரு கட்டைப் பையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாராம்.

எழுத்திலும் இதே தொல்லை. ‘கை’, ‘தாள்’ என்ற இரண்டு சீன எழுத்துகளைச் சேர்த்தால் ஜப்பானியருக்குக் கடிதம். சீனருக்கு அது கழிவறைத் தாள். ஒரு மொழி ஊன்றிய பிறகு இதைப் படித்தால் சிரிப்போம், மறக்கவும் மாட்டோம். இரண்டையும் ஒரே மாதத்தில் படித்தால் எது யாருடையது என்றே நிற்காது.

எழுத்து வந்துவிட்டால் மொழி வந்ததாக எண்ணுவதும் உண்டு. 1446-இல் வெளியிடப்பட்ட கொரிய எழுத்துமுறையில் இன்று அடிப்படை எழுத்துகள் 24 தான். ஒரு வாரத்தில் வாசித்துவிடலாம். அந்தக் குஷியில்தான் பலர் அடுத்த மொழிக்குத் தாவுகிறார்கள். வாசிக்கிறோமே தவிர, வாசித்தது ஒரு வரி புரியாது.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சிக் கழகம், ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த மூன்றில் எதையும் வேலைக்கு உதவும் அளவில் கற்க ஏறக்குறைய 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்கிறது. தினம் ஒரு மணி என்றால் ஆறு வருடம். அந்த ஒரு மணியை மூன்றாகப் பிய்த்தால் பதினெட்டு.

நமக்கு அவ்வளவு ஆகாது என்பது என் கணிப்பு, ஜப்பான் மொழிக்கும் கொரியனுக்கும் மட்டும். ‘வாத்தாஷி வா கோஹான் ஓ தாபெமாஸ்’ என்பதை ‘நான் சோற்றைச் சாப்பிடுகிறேன்’ என்று வரிசை மாறாமல் வைக்கலாம். ‘கோஹான்’ சோறு, அதன் பின்னால் வரும் ‘ஓ’ நம் ‘ஐ’ உருபு, வினை கடைசியில். கொரியனும் இதே வார்ப்பு. இவ்வளவு இருக்க, ஆங்கில விளக்கத்தை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். அப்புறம், இரண்டும் ஒரே வார்ப்பு என்பதாலேயே ஒன்று நன்றாகப் படிந்தபின் மற்றது வேகமாக வரும். இரண்டும் அரைகுறையாக இருக்கும்போது ஒன்றை ஒன்று குழப்பும்.

சரி, இரண்டை விடவே மனமில்லை என்றால்? ஒன்றிலாவது பார்க்காமல் பத்து நிமிடம் பேச வரும்வரை பொறுங்கள். அடுத்ததற்கு வேறு நோட்டு, வேறு நேரம், முடிந்தால் வேறு நாற்காலி.

அக்கா மகள் கடைசியில் ஜப்பான் மொழியை மட்டும் வைத்துக்கொண்டாள். ஃபிரிட்ஜில் இப்போது பச்சைச் சீட்டுதான். மிஞ்சிய மஞ்சளிலும் ரோஸிலும் அக்கா மளிகைச் சாமான் எழுதுகிறாள்.