பற்று யார் பேரில்?

காரைக்குடிக்காரர்களுக்கு வாதம் செய்யச் சொல்லித் தர வேண்டியதில்லை. சா. கணேசன் 1939ல் இங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பட்டிமன்றம் இன்றைய உருவத்துக்கு வளர்ந்ததில் அதன் கம்பன் விழா மேடைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பழக்கம் டீக்கடை வரை வந்துவிட்டது. விண்டோஸா லினக்ஸா, ஆண்ட்ராய்டா ஐபோனா, ரொக்கமா ஜிபேயா என்று யாராவது எடுத்துக் கொடுத்தால் போதும், இரண்டு அணி தானாக அமைந்துவிடும். நடுவர்தான் இருக்க மாட்டார்.

தொழில்நுட்பம் பற்றி வாதாடுவதில் முதல் தவறே அங்கேதான் தொடங்குகிறது. பட்டிமன்றத்தில் தலைப்பை வேறொருவர் தருவார், அணியையும் அவரே பிரிப்பார். நமக்குக் கிடைத்த பக்கத்துக்கு முழங்கிவிட்டு, எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஊர்க் கணக்கை எந்த மென்பொருளில் எழுதுவது என்ற கூட்டத்தில் அப்படிப் பேசினால், அந்த முடிவோடு யாரோ ஒருவர் பல வருஷம் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும்.

அப்படி ஒரு கூட்டத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். கோயில் விழாக் கணக்கு, புள்ளி வரி (குடும்பக் கணக்கில் பிரிக்கும் வரி) வசூல், யார் பாக்கி என்கிற விவரம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதா வேண்டாமா என்பது பேச்சு. ஒரு மணி நேரம் ‘பேரேடா, கம்ப்யூட்டரா’ என்றே ஓடியது. இளைஞர்கள் ஒரு பக்கம், வேட்டிகள் ஒரு பக்கம். கடைசியில், அந்தக் காலத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “வரவெல்லாம் நல்லாச் சொல்றீங்க தம்பி. பற்று யார் பேர்ல எழுதறது?”

பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தி, அங்கிருந்து ஊருக்கு ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கை அனுப்பி வைத்த மண் இது. ஒரு பக்கம் வரவு விழுந்தால் இன்னொரு பேரில் பற்று விழுந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேராகாது என்பது இங்கே பால பாடம். தொழில்நுட்பம் பற்றிப் பேசும்போது மட்டும் அது மறந்துபோகிறது. வசதியைச் சொல்கிறோம், அந்த வசதிக்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதைச் சொல்வதில்லை.

அந்தப் பெரியவர் சும்மா கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஆர்வமாகத் தட்டச்சு செய்து வைத்த புள்ளிப் பட்டியல். என் லேப்டாப்பில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூட்டாஞ்சோறு. கோப்பு கெட்டுப்போகவில்லை. அந்தக் காலத்தில் பாமினி மாதிரியான எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். எழுத்துரு கூடவே இருக்கும் வரை தமிழ், அது போனால் ஆங்கிலக் குப்பை. தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்களை ஒதுக்கிய யூனிகோடு 1991லேயே வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு அதைத் தன் தரமாக ஏற்றது 2010ல்தான். அந்த இடைவெளியில் தட்டச்சானவை எத்தனையோ வீடுகளில் இப்படிக் கிடக்கின்றன. நல்ல வேளையாக எழுத்துருவைக் கண்டுபிடித்து மாற்ற முடிந்தது. ஆனாலும் பெயர் பெயராகச் சரிபார்க்க ஒன்றரை நாள் ஆனது. அன்று எந்த எழுத்துரு அழகு என்று வாதாடியிருப்பார்கள். பற்று என் பேரில் விழுந்தது.

‘எது நல்ல மென்பொருள்’ என்று கேட்பது இரண்டாவது தவறு. நாளைக்கு இதை விட்டு வெளியேற வேண்டும் என்றால் கணக்கை முழுசாக எடுத்துக்கொண்டு போக முடியுமா, பாஸ்வேர்டு வைத்திருப்பவர் துபாய்க்குப் போய்விட்டால் என்ன செய்வது, இவைதான் முதலில் கேட்க வேண்டியவை. எக்செல் கற்றவர் கூட்டத்தில் மூன்று பேர் இருந்தால் எக்செல்லே நல்லது. காசில்லாமல் கிடைக்கும் லிப்ரேஆபிஸ் தெரிந்தவர் இருந்தால் அது. அதன் ஓடிஎஃப் கோப்பு வடிவம் 2006லேயே சர்வதேசத் தரமாகிவிட்டது, வேறு மென்பொருளிலும் திறக்கலாம். எங்கள் கூட்டம் எக்செல் என்று முடிவு செய்தது. வருஷ முடிவில் அச்செடுத்துப் பெட்டியில் வைப்பது என்றும், பாஸ்வேர்டை உறையில் வைத்து ஒட்டி அதே பெட்டியில் போடுவது என்றும் எழுதிக்கொண்டார்கள். லினக்ஸ்காரனான எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் முடிவு சரி.

இந்த இடத்தில் ஒரு சொல் விவகாரம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். நமக்கு இரண்டு சொல் உண்டு: காசில்லாதது இலவசம், மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்றால் அது கட்டற்றது. கூகுள் ஷீட்ஸ் காசு கேட்காது, ஆனால் கட்டற்ற மென்பொருள் இல்லை. இரண்டு சொல் இருந்தும் வாக்குவாதத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். அதே போல, மூலநிரல் திறந்திருந்தால் ஓட்டையே இருக்காது என்று எங்கள் லினக்ஸ்காரர்கள் சத்தியம் செய்வார்கள். இணையத் தொடர்பைப் பூட்டும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டை 2012லிருந்து இரண்டு வருஷம் திறந்தே கிடந்தது, 2014ல்தான் ஊருக்குத் தெரிந்தது. கதவு திறந்திருப்பது வேறு, யாரோ உள்ளே வந்து பார்ப்பது வேறு.

2021 ஜனவரியில் வாட்ஸாப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாகச் சொன்னபோது நடந்தது நினைவிருக்கிறதா? எங்கள் குடும்பக் குழுவில் ஒரே அமளி. ‘பாதுகாப்பு இல்லை, டெலிகிராமுக்குப் போவோம்’ என்று பாதிப் பேர் கிளம்பினார்கள். வாட்ஸாப்பில் 2016லிருந்தே செய்திகள் அனுப்புகிறவர், பெறுகிறவர் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுத்தான் போகின்றன. டெலிகிராமின் சாதாரண அரட்டைக்கு அந்தப் பூட்டு கிடையாது, தனியாக ரகசிய அரட்டை தொடங்கினால்தான் உண்டு. குழு அரட்டைக்கு அதுவும் இல்லை. யார் யாரோடு எப்போது பேசுகிறோம் என்ற விவரத்தை வாட்ஸாப்பின் தாய் நிறுவனம் எடுத்துக்கொள்வது பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால் அது வேறு கவலை. ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் பிடித்துக்கொண்டு இழுத்தோம்.

கண்ணில் பட்ட பெயரைத் திட்டுவதும் அப்படித்தான். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையத் திரைகள் நீலமாகி நின்றபோது, ‘இதுக்குத்தான் விண்டோஸ் வேண்டாம்னேன்’ என்று நானே சொன்னேன். காரணம் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோளாறான புதுப்பிப்பு. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. கேட்க வேண்டியது, ஒரே நிறுவனத்தின் கோப்பு ஒரே நாளில் எல்லா இடத்துக்கும் போவதை ஏன் அனுமதித்தோம் என்பது. ஃபார்வர்டில் வரும் புள்ளிவிவரம் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டாம். எந்த வருஷம், யார் எண்ணியது என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் தள்ளிவிட்டு டீயைக் குடியுங்கள்.

அரசுக் கொள்கைக்கு வந்தால் தவறு இன்னும் விலை கூடியது, ஏனென்றால் ‘எனக்கு ஓடுது’ என்பதே அங்கே பெரிய ஆதாரமாகிவிடுகிறது. 2016ல் யுபிஐ வந்தது. 2020 ஜனவரியிலிருந்து, வங்கிக் கணக்கிலிருந்து நேராக அதில் செலுத்தினால் கடைக்காரரிடம் வங்கி கட்டணம் பிடிப்பதில்லை. ‘செலவே இல்லை’ என்கிறோம். செலவு இருக்கிறது, வங்கிகளும் அரசின் ஊக்கத்தொகையும் சுமக்கின்றன. யுபிஐ நல்லதா கெட்டதா என்று யாரும் இனிமேல் வாதாட வேண்டாம், அது நல்லது. ரொக்கம் நீட்டுகிறவரைக் கடை திருப்பி அனுப்பலாமா என்பது தனி வழக்கு, அதைத்தான் பேச வேண்டும்.

ஆன்லைன் மனு வந்ததும் அலைச்சல் குறைந்தது என்பது உண்மை. கானாடுகாத்தான் பக்கம் முகப்பும் வளவுமாக நீண்டு கிடக்கும் ஒரு வீட்டில் ஒரு ஆச்சி தனியாக இருக்கிறார். பிள்ளை சிங்கப்பூரில். ஆதாரில் இருப்பது பிள்ளையின் நம்பர், எல்லா வேலையையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று அன்று கொடுத்தது. ஆச்சிக்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்று என் கடையில் உட்கார்ந்தோம். ஓடிபி சிங்கப்பூருக்குப் போயிற்று. அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். பிள்ளை போனை எடுக்கவில்லை. சில நிமிஷத்தில் ஓடிபி காலாவதி. மறுபடி அனுப்பினோம், மறுபடியும் அதே. தேய்ந்த விரல் ரேகை கருவியில் விழாவிட்டால் கண் கருவிழி, முகம் என்று ஆதாரில் வேறு வழிகள் உண்டு. அன்று நாங்கள் நிரப்பிய படிவத்தில் ஓடிபி தவிர வேறு வழி இல்லை.

மூன்றாவது தடவை பிள்ளை எடுத்தார். “மீட்டிங்ல இருக்கேன் ஆத்தா, அப்புறம் கூப்பிடறேன்.”

ஆச்சி போனை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அவனுக்கு நேரம் இல்லையாம் தம்பி. அந்த நம்பரை நாளைக்கு வரச் சொல்லு.”