பலகார டப்பாவும் இஞ்ச் டேப்பும்: பண்டிகைக் காலத்தில் எடையைக் காக்கும் வழி

தீபாவளி முடிந்து பொங்கல் வருவதற்குள் என் தையல் கடைக்குத் தவறாமல் வரும் வேலை ஒன்று உண்டு. "அக்கா, பிளவுஸ் இறுக்கிப் பிடிக்குது, ஒரு தையல் பிரிச்சு விடுங்க." தர்மபுரி குமாரசாமிப்பேட்டைப் பெண்கள் பலரின் அளவு என் நோட்டில் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில்தான் அந்த அளவுகள் மாறுகின்றன. ஒரு தடவை மாறினால் பழைய அளவுக்குத் திரும்பி வருபவர்கள் குறைவு.

நானும் நாளெல்லாம் மிஷினில் உட்கார்ந்திருப்பவள்தான். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இடுப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு, பண்டிகை எதையும் விடாமலே எடையைக் குறைத்தேன், குறைத்ததைக் காப்பாற்றியும் வருகிறேன். எனக்கு உதவியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரு நாள் விருந்தில் அது நடக்காது. மறுநாள் காலையில் எடை மிஷின் ஒன்றரை கிலோ கூடக் காட்டினால், அதில் பெரும்பங்கு உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். சில நாளில் தானே இறங்கிவிடும். அதைப் பார்த்துப் பயந்து பட்டினி கிடக்காதீர்கள்.

தீபாவளி ஒரு நாள்தான். அதற்குப் பிறகு பலகார டப்பா சமையலறையில் உட்கார்ந்திருக்கும் நாட்களில்தான் எடை ஏறுகிறது. டீயோடு ஒரு முறுக்கு, போகிற போக்கில் ஒரு அதிரசம், சீரியல் பார்க்கும்போது ஒரு கை மிக்சர். அமெரிக்காவில் நவம்பர் கடைசியிலிருந்து புத்தாண்டு வரை விருந்துக் காலம். அந்தச் சமயத்தில் 195 பேரை எடை போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2000-ல் வெளியானது. சராசரியாகக் கூடியது அரை கிலோவுக்கும் குறைவுதான். ஆனால் கூடியது அடுத்து வந்த மாதங்களில் இறங்கவில்லை. வருஷா வருஷம் அப்படியே சேர்ந்தால் பத்து வருஷத்தில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். என் நோட்டும் அதையேதான் சொல்கிறது.

ஆகவே டப்பாவிலிருந்து தொடங்குங்கள். அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் இடித்து, வெல்லப் பாகில் கிளறி வைக்கிறோம் இல்லையா? அந்த மாவு ஒரு வாரத்துக்கு மேல் கெடாது. ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் தாங்கும். பிறகு எதற்கு ஒரே ராத்திரியில் அத்தனையையும் சுட்டு அடுக்க வேண்டும்? தீபாவளிக்குத் தேவையானதை மட்டும் சுடுங்கள். யாராவது வந்தால், அல்லது எல்லோருக்கும் ஆசை வந்தால், அன்றைக்கு நாலு தட்டிப் போடுங்கள். அடுப்பு மூட்டி, சட்டி வைத்து, எண்ணெய் காய்ந்து வருவதற்குள் பாதி ஆசை அடங்கிவிடும். சூடான அதிரசத்தின் ருசியும் டப்பாவில் கிடந்ததற்கு வராது.

தட்டும்போது உள்ளங்கைக் குழி அளவுக்கு மட்டும் தட்டுங்கள். எண்ணெயிலிருந்து எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவே வைத்து நன்றாக அழுத்துங்கள், வடிகிற எண்ணெயைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி இருக்கிறது, சர்க்கரையிலும் மாவிலும் 4 தான். அதனால் பலகாரத்தில் கை வைக்க வேண்டிய முதல் இடம் எண்ணெய். முறுக்கு, நிப்பட்டு (தட்டை) எல்லாம் வாரக்கணக்கில் மொறுமொறுவென்று இருப்பதால் இன்னும் ஆபத்து. அவற்றைப் பாதிப் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"வெல்லம்தானே, உடம்புக்கு நல்லதுதானே" என்று சொல்பவர்களிடம் நான் ஒத்துப்போவதில்லை. 100 கிராம் சர்க்கரையில் சுமார் 400 கலோரி என்றால், வெல்லத்தில் 350க்கு மேல் இருக்கிறது. பாலக்கோட்டுப் பக்கத்து வெல்லத்தின் மணத்துக்கு ஈடு கிடையாதுதான். மணத்துக்காகச் சாப்பிடுங்கள், மருந்தென்று நினைத்து இரண்டாவதை எடுக்காதீர்கள்.

எனக்குப் பெரிய சோதனை கடையில்தான். தைத்த துணியை வாங்க வருபவர்கள் பாசத்தோடு ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போவார்கள். அதை அன்றைக்கே பிரித்து, கூட வேலை செய்யும் பெண்களோடு பங்கு போட்டு, டீ நேரத்திலேயே தீர்த்துவிடுவோம். வீட்டுக்கு எதுவும் போகாது. உங்கள் வீட்டிலும் வந்த பலகாரத்தை எதுவரை வைப்பது என்று ஒரு நாள் குறித்துவிடுங்கள். நாங்கள் தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு என்று வைத்திருக்கிறோம். அன்று மிச்சமிருப்பது பக்கத்தில் வீடு கட்டும் ஆட்களுக்குப் போகும். நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுங்கள். சிக்கு வாடை அடித்த பிறகு கொடுப்பது மரியாதை இல்லை.

சொந்தக்காரர்கள் வற்புறுத்தினால் 'டயட்' என்ற வார்த்தையை எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்தால் பந்தியே உங்களைப் பற்றிப் பேசும். என் மாமியார் தட்டில் வைக்கும்போது, "நீங்க குடுத்து வேணாம்னு சொல்வேனா அத்தை? இப்ப பாதி, சாயங்காலம் பாதி" என்பேன். அவர்களுக்கு நாம் சாப்பிட்டோம் என்ற நிறைவு வேண்டும், அளவை யாரும் எண்ணுவதில்லை. பந்தியில் உட்கார்ந்ததும் பொரியல், கூட்டு, பருப்பை முதலில் சாப்பிடுங்கள். சோறு ஒரு தடவை மட்டும். பாயசம், ஸ்வீட் இரண்டில் எது உங்களுக்கு உயிரோ அதை வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். போதுமென்றால் பரிமாறுபவர் குனிவதற்கு முன்பே இலைக்கு மேல் கையை நீட்டிவிட வேண்டும்.

கறி விருந்துக்கு நம் ஊர் ராகிக் களியே நல்ல துணை. 2023-ல் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பும் இங்கே களி இல்லாத வீடு ஏது? ஆனால் ராகி மாவின் கலோரி அரிசியை விட ரொம்பக் குறைவு ஒன்றுமில்லை. நார்ச்சத்து அதிகம் என்பதால் பசி தாங்குகிறது, அவ்வளவுதான். அந்த நன்மை உருண்டை சின்னதாக இருந்தால்தான் கிடைக்கும். சின்ன உருண்டை, நாட்டுக்கோழிக் குழம்பு, ஓரத்தில் கீரைக் கடைசல் என்றால் மூன்று மணிக்குத் தின்பண்டம் தேடத் தோன்றாது. மார்கழி, தையில் பிதுக்கம் பருப்புக் குழம்பு (ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த மொச்சை) இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனால் மீனை வாங்கிக் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள், வறுவல் ஆளுக்கு ஒரு துண்டு போதும். கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழக் கூடை வந்தால் சாப்பாட்டுக்கு மேல் சாப்பிடாமல், சாயங்காலத் தின்பண்டத்துக்குப் பதிலாக ஒன்று. ஜூஸ் வேண்டாம்.

விருந்துக்கு முன் காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது பலருக்குப் பழக்கம். பசியோடு பந்தியில் உட்கார்ந்தால் கை நிற்காது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அப்படிச் செய்யவே கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சாப்பிட்டு முடித்ததும் படுக்காமல் பதினைந்து நிமிஷம் நடங்கள். நான் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் கோலம் பார்த்துக்கொண்டே நடப்பேன். தைப்பூசத்தில் எங்கள் பேட்டைத் தேரை நாங்கள் பெண்கள்தான் வடம் பிடித்து இழுக்கிறோம். அன்றைக்குத் தனியாக நடை எதற்கு!

அளவு பார்க்க நான் இஞ்ச் டேப்பைத்தான் நம்புகிறேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, மூச்சை மெதுவாக விட்டபின், வயிற்றை எக்காமல், டேப் தோலைத் தொடும் அளவுக்கு மட்டும் பிடித்து அளக்க வேண்டும். நம் நாட்டவருக்கு, பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள், ஆண்கள் 90-க்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். டேப்பில் 31 அரை, 35 அரை அங்குலம் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு தடவை, பத்து நாள் கழித்து ஒரு தடவை, காலையில் வெறும் வயிற்றில் அளந்து காலண்டரில் எழுதுங்கள். அரை அங்குலம் கூடியிருந்தால் பொங்கல் வரை எண்ணெய்ப் பலகாரம் சுடாதீர்கள், ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பங்கைக் குறையுங்கள். பொங்கலுக்கு முன் மறுபடி டேப்பை எடுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் டாக்டரைப் பார்த்து வெறும் வயிற்றுச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். தையல் பிரிக்க என்னிடம் வருவது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.