"இப்போதைக்குத் திறந்து வைப்போம்": கிளவுட் சேர்வருக்கு ஃபயர்வோல் விதி போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலவாக்கலையில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒருநாள் இரவு கோல் எடுத்தான். "அண்ணே, சேர்வருக்குள்ள போகவே முடியல. காலைல நல்லாத்தான் இருந்துச்சு." அன்று பின்னேரம் மழையோடு கரண்ட் போய் வந்திருந்தது. றவுட்டர் அணைந்து எரிந்ததில் அவனுடைய ஐபி முகவரி மாறிவிட்டது. தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழையும் வழிதான் எஸ்எஸ்எச், அதன் கதவு எண் போர்ட் 22. எந்தக் கதவில் யாரை விடலாம் என்று சொல்லும் ஃபயர்வோல் விதியில், அந்த 22ஐ அவன் பழைய ஐபிக்கு மட்டும்தான் திறந்து வைத்திருந்தான். அதுவரை எல்லாம் சரி. காலையில் பார்க்கலாம் என்றேன். அவனுக்குப் பொறுமை இல்லை. விதியில் இருந்த ஐபியை அழித்துவிட்டு 0.0.0.0/0 என்று போட்டான். உலகத்தில் யார் வந்தாலும் உள்ளே விடு என்பதுதான் அதற்கு அர்த்தம்.

விடிந்ததும் இரண்டு பேருமாக லொகின் லாக்கைத் திறந்து பார்த்தோம். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, போஸ்ட்கிரெஸ் என்று ஒவ்வொரு பெயராகப் போட்டு, இரவு முழுக்க யாரோ தட்டிப் பார்த்திருக்கிறார்கள். பக்கம் பக்கமாக இருந்தது. அவனைக் குறிவைத்து யாரும் வரவில்லை. இணையத்தில் உள்ள ஐபிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பாஸ்வேர்ட் லொகினை நிறுத்தி, கீ (அவன் கணினியில் இருக்கும் ரகசியக் கோப்பு) வைத்து மட்டும் நுழையும்படி செய்திருந்ததால் தப்பினான்.

நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இப்படி அவசரத்தில் செய்தவைதான். "இப்போதைக்கு" என்று திறந்ததை மூட யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஐபிக்குப் பின்னால் போடும் எண்ணைக் கவனியுங்கள். /32 என்றால் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரே ஒரு காம்பரா, அதாவது ஒரே ஒரு ஐபி. /24 என்றால் 256 காம்பரா, /16 என்றால் 65,536. ஆனால் நம் பக்கத்து 4ஜி இணைப்புகளில் /32 போட்டாலும் அது உங்களுக்கு மட்டுமே உரிய முகவரி என்று நம்ப முடியாது. தோட்டத்தில் எல்லா வீட்டுக் கடிதமும் தோட்டத்தின் ஒரே விலாசத்துக்கு வந்து, அங்கிருந்து பிரித்துக் கொடுப்பார்கள் அல்லவா? அதேபோல, பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கும் முறை உண்டு. உங்கள் றவுட்டர் காட்டும் ஐபி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் நீங்களும் அந்த வரிசையில்தான் இருக்கிறீர்கள். நீங்கள் அனுமதித்த ஐபியில் முன்பின் தெரியாத எத்தனையோ பேர் இருக்கலாம். அதனால் கீ லொகின் கட்டாயம்.

இப்படி ஐபி மாறிக்கொண்டே இருப்பவர்கள் போர்ட் 22ஐ மூடிவிட்டு வேறு வழியில் போவது நல்லது. அமேசான் கிளவுடில் சேர்வருக்குள் போக செஷன் மனேஜர் இருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை. கூகிள் கிளவுடில், வருவது யார் என்று கூகிளே சரிபார்த்து உள்ளே விடும் ஐஏபி வழியாகப் போகலாம். அங்கே 22ஐ 35.235.240.0/20க்கு மட்டும் திறந்தால் போதும். எப்படியும் கூகிளின் டிஃபோல்ட் நெட்வேர்க்கில் 22உம் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டொப்புக்கான 3389உம் எல்லோருக்கும் திறந்தபடியே வரும். அந்த இரண்டு விதிகளையும் முதல் வேலையாக நீக்குங்கள்.

அடுத்தது டேட்டாபேஸ். வீட்டு லெப்டொப்பிலிருந்து டேபிளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் போர்ட்டான 3306ஐத் திறந்துவிடுகிறார்கள். வெப்சைட்டும் டேட்டாபேஸும் ஒரே மெஷினில் இருந்தால் 3306க்கு விதியே தேவையில்லை, மெஷின் தன்னையே குறிக்கும் 127.0.0.1 வழியாகவே பேசிக்கொள்ளும். லெப்டொப்பிலிருந்து பார்க்க, எஸ்எஸ்எச் இணைப்புக்குள்ளேயே டேட்டாபேஸையும் கொண்டுவரும் எஸ்எஸ்எச் டனல் போதும். இரண்டும் தனித்தனி மெஷினில் இருந்தால், அமேசானில் சோர்ஸ் என்ற இடத்தில் வெப் சேர்வரின் செக்யூரிட்டி குரூப்பையே (அமேசானின் ஃபயர்வோல் விதித் தொகுப்பு) கொடுக்கலாம். ஐபி மாறினாலும் விதி மாறாது. ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நீங்களாகப் போடாவிட்டால் அதற்குப் பாஸ்வேர்டே இருக்காது.

சேர்வர் பேசவில்லை என்றதும் எல்லாப் போர்ட்டையும் திறப்பவர்கள் முதலில் எர்ரரை வாசிக்க வேண்டும். "டைம் அவுட்" என்று வந்தால் பெரும்பாலும் ஃபயர்வோல் சத்தமில்லாமல் தடுக்கிறது. "ரிஃபியூஸ்ட்" என்று வந்தால் பெரும்பாலும் மெஷின் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், அந்தப் போர்ட்டில் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. அப்போது விதியை விட்டுவிட்டு, அங்கே என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சேர்வர் புரோகிராம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு குழப்பம், ஃபயர்வோல் இரண்டு இடத்தில் இருப்பது. கிளவுட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கமான கொன்சோலில் ஒன்று, மெஷினுக்குள் ஒன்று. இலவசம் என்பதால் ஒராக்கிள் கிளவுடில் பழகுபவர்கள் அதிகம். அதன் உபுண்டு இமேஜுக்குள்ளேயே ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் உள் ஃபயர்வோல்) விதிகள் வருகின்றன. கொன்சோலில் வெப்சைட்டுக்கான 80ஐத் திறந்தாலும் உள்ளே தடை இருக்கும். கோபத்தில் எல்லா விதியையும் அழித்துவிடாதீர்கள். தடுக்கும் வரிக்கு மேலே வெப்சைட் போர்ட்டுகளான 80, 443 இரண்டையும் சேருங்கள், போதும். புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டொக்கரில் இதற்கு நேரெதிர். நீங்கள் உபுண்டுவின் எளிய ஃபயர்வோல் கருவியான யுஎஃப்டபிள்யூவில் மூடிய போர்ட்டையும் டொக்கர் திறந்துவிடும், ஏனென்றால் அது ஐபிடேபிள்ஸில் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. கன்டெய்னர் போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 சேர்த்துக் கொடுத்தால் வெளியே தெரியாது. அப்புறம், 22ஐ அனுமதிக்காமல் யுஎஃப்டபிள்யூவை இயக்கினால் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

மைக்ரோசொஃப்டின் அஸூர் கிளவுடில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு எண் உண்டு, சிறிய எண்ணுக்குத்தான் முன்னுரிமை. 200இல் அனுமதி இருந்தால் 300இல் போட்ட தடை வேலை செய்யாது. அமேசான் செக்யூரிட்டி குரூப்பில் தடை விதியே கிடையாது. இரண்டு குரூப் மாட்டியிருந்தால், ஒன்றில் திறந்திருந்தாலே திறந்ததுதான். புதிய வகை முகவரியான ஐபிவி6இல் எல்லோருக்கும் திறந்துவிடும் ::/0 வரியையும் தேடிப் பாருங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

விதி போட்ட பிறகு, வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு போன் டேட்டாவில் சோதியுங்கள். வெப்சைட் திறக்க வேண்டும். 22உம் 3306உம் டைம் அவுட் ஆக வேண்டும். அன்று காலை 22ஐத் திரும்ப மூடிவிட்டு, தம்பியோடு நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். 22 மூடியிருந்தது, 3306 பதில் சொன்னது. அதை எப்போது திறந்தான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை.