மலிவு விலை லேப்டாப்: மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

தங்கைக்கு லேப்டாப் எடுத்துக் கொடுத்தது நான்தான். வீட்டில் கம்ப்யூட்டர் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் வருவார்கள். அந்தப் பெருமையில் பெட்டியில் அச்சடித்திருந்ததை அப்படியே நம்பிவிட்டேன். பிராசஸர் எண் என்னுடையதைவிடப் பெரிது, 8 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்கள் தங்கும் இடம்). அப்புறம் என்ன? “ரேம் பத்தவில்லை என்றால் பிறகு ஒன்று சேர்த்துக்கலாம்” என்று வாக்கும் கொடுத்தேன்.

ஆறே மாதம். பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப் திறந்துகொண்டு வீடியோ வகுப்பிலும் உட்கார்ந்தால் மெஷின் திணற ஆரம்பித்தது. சரி, ரேம் போட்டுவிடலாம் என்று கவிழ்த்துக் கழற்றினேன். கண்ணில் பட்ட எட்டு ஸ்க்ரூவை எடுத்தும் மூடி அசையவில்லை. பின்பக்க ரப்பர் பட்டையைப் பிய்த்துப் பார்த்தால் இன்னும் இரண்டு ஒளிந்திருந்தன. காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் செருகி மெல்ல நெம்ப, கிளிப்புகள் ஒவ்வொன்றாகச் ‘சடக்’ என்று விட்டன. உள்ளே ரேம் செருகும் ஸ்லாட் இருக்கும் என்று நான் நினைத்த இடத்தில் போர்டோடு பற்றவைத்த நாலு கறுப்புச் சில்லுகள். தங்கை எட்டிப் பார்த்து, “எங்கண்ணா அந்த ஸ்லாட்டு?” என்றாள்.

அன்றிலிருந்து யார் லேப்டாப் கேட்டு வந்தாலும் எனக்கு முதல் கேள்வி ஒன்றுதான்: இதில் எதைப் பின்னால் மாற்ற முடியும், எதை முடியாது? எஸ்எஸ்டியை அநேகமாக மாற்றலாம். பிராசஸரை முடியாது. திரையை மாற்றலாம்தான், ஆனால் மலிவு மெஷினில் அது கட்டுப்படியாகாது. ரேம் மாடலைப் பொறுத்தது. கையில் இருக்கும் பணம் முதலில் மாற்ற முடியாதவற்றுக்குப் போகட்டும். 1 டிபி எஸ்எஸ்டியும் மங்கல் திரையும் ஒரு பக்கம், 256 ஜிபியும் நல்ல திரையும் மறுபக்கம் என்றால் நான் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன்.

பிராசஸரில் ‘ஐ5’, ‘ரைசன் 5’ என்பது குடும்பப் பெயர் மாதிரி. ஆள் யாரென்று தெரிய முழு எண் வேண்டும். இன்டெல் ஐ7-7500யுவில் இருப்பது 2 கோர், அதாவது கணக்குப் போடும் மையம் இரண்டு. அடுத்த தலைமுறை ஐ5-8250யுவில் 4 கோர். பழைய ஸ்டாக்கை ‘ஐ7’ என்று மட்டும் எழுதி விற்பவர் எதை மறைக்கிறார் என்று புரியும். ஏஎம்டியின் 7000 வரிசையில் நாலு இலக்கத்தில் மூன்றாவதைப் பாருங்கள். உள்ளே இருக்கும் வடிவமைப்பு எது என்பதை அதுதான் சொல்லும். 7520யு என்றால் ஸென் 2, அதாவது 2019இல் வந்த வடிவமைப்பு. 7530யு ஸென் 3. 7540யு ஸென் 4. முதலில் இருக்கும் 7 அது எந்த ஆண்டுக்கான மாடல் என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், 2021இல் வந்த 5500யுவும் ஸென் 2தான், ஆனால் அதற்கு 6 கோர். 7520யுவுக்கு 4. பெரிய எண்ணைப் பார்த்து ஏமாந்தவன் நான் ஒருவனாக இருக்க முடியாது.

இன்டெல் என்100, ஐ3-என்305 போன்றவற்றில் எல்லாமே மின்சாரம் சேமிக்கும் சின்ன கோர்கள். டைப் அடிக்க, படம் பார்க்க என்100 தாராளம், அதைக் குறை சொல்ல மாட்டேன். செலரான் என்4020தான் வேண்டாம். 2 கோர், 2 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). இன்றைய பிரவுசருக்கே மூச்சு வாங்கும். ‘4.7 கிகாஹெர்ட்ஸ் வரை’ என்று போட்டிருந்தால் அந்த ‘வரை’யில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்றிரண்டு கோர் கொஞ்ச நேரம் தொட்டுவிட்டு வரும் வேகம் அது. சூடு ஏறினால் இறங்கிவிடும்.

ரேம் பற்றிய வரியில் ‘எல்பிடிடிஆர்’ என்று தொடங்கினால், இந்த விலை மெஷின்களில் அது போர்டோடு ஒட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சோல்டர்டு’, ‘ஆன்போர்டு’ என்றாலும் அதேதான். ‘எஸ்ஓடிம்’ என்றால் ஸ்லாட் உண்டு. ஒட்டியதுதான் கிடைக்கிறது என்றால் 16 ஜிபிக்குக் குறைந்து எடுக்காதீர்கள். ஸ்லாட் இருந்தால் 8 ஜிபியோடு வாங்கி, பிறகு இன்னொரு 8 போடலாம். அதில் ஒரு போனஸும் கிடைக்கும். நண்பனின் ஐ5-1135ஜி7 லேப்டாப்பில் கிராபிக்ஸ் பெயர் வெறும் ‘யுஹெச்டி’ என்று காட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது ரேமைப் போட்டு ஆன் செய்ததும் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று மாறியது. இரண்டு சேனலில் (ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே தரவு போகும் பாதை) ரேம் இருந்தால்தான் அந்தப் பெயரும் வேகமும். விளம்பரத்தில் ஐரிஸ் எக்ஸ்இ என்று இருக்கும், பெட்டியில் ஒற்றை ரேம் வரும். இதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது.

ஸ்டோரேஜில் இரண்டு சொல்லைத் தேடுங்கள்: இஎம்எம்சி, கிளவுட் (இணையத்தில் இருக்கும் சேமிப்பிடம்). இஎம்எம்சி என்பது மெமரி கார்டின் உறவுக்காரன். 64 ஜிபி இஎம்எம்சி உள்ள மெஷினில் விண்டோஸ் அப்டேட் இறங்கவே இடம் இருக்காது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே 64 ஜிபிதான். சிலர் 128 ஜிபியோடு ஓராண்டு கிளவுட் 1 டிபியைக் கூட்டி ஒரே எண்ணாக எழுதிவிடுகிறார்கள். ‘எம்.2’ என்பது வடிவத்தின் பெயர் மட்டும். உள்ளே இணைப்பு சாட்டாவா (மெதுவானது), என்விஎம்இயா (வேகமானது) என்று தனியாகக் கேளுங்கள். 512 ஜிபி வாங்கினால் விண்டோஸில் 476 என்று காட்டும். அது மோசடி இல்லை, எண்ணும் முறையில் உள்ள வித்தியாசம்.

திரையில்தான் அதிகம் ஏமாற்றுவார்கள், நாமும் அங்கேதான் அசட்டையாக இருப்போம். ‘ஹெச்டி’ என்றால் 1366 × 768, விட்டுவிடுங்கள். ‘ஃபுல் ஹெச்டி’ 1920 × 1080. அதோடு முடியவில்லை. ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை) என்று எழுதவில்லையென்றால் டிஎன் பேனலாக இருக்கலாம். கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கறுப்புப் பின்னணியில் ஒரு படத்தைத் திறந்து, மூடியை மெல்லப் பின்னால் சாயுங்கள். டிஎன் என்றால் கறுப்பு சாம்பலாகி, முகம் நெகடிவ் ஃபிலிம் போல ஆகிவிடும். வெளிச்சம் 250 நிட்ஸ் என்றால் அறைக்குள் சரி, ஜன்னலோரம் கண்ணைச் சுருக்க வேண்டும். 300 இருந்தால் நிம்மதி. என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள். ‘45% என்டிஎஸ்சி’ என்பது எஸ்ஆர்ஜிபி கணக்கில் அறுபது சதவீதத்தை ஒட்டித்தான் வரும். நல்ல சிவப்பு அதில் செங்கல் நிறமாகத் தெரியும். போட்டோ, டிசைன் வேலை செய்பவர் கிட்டே போக வேண்டாம். கணக்கு எழுதுபவருக்குப் பாதகமில்லை.

பேட்டரிக்கு ‘10 மணி நேரம்’ என்பது அநேகமாக வெளிச்சத்தைக் குறைத்துவைத்து ஒரே வீடியோவை ஓடவிட்டு எடுத்த கணக்கு. பேட்டரியில் அடங்கும் மொத்த ஆற்றலைச் சொல்லும் வாட்-ஹவர் எண்ணைக் கேளுங்கள். வெறும் எம்ஏஹெச் போதாது: 7.6 வோல்ட்டில் 5000 எம்ஏஹெச் என்பது 38 வாட்-ஹவர், 11.4 வோல்ட்டில் 4000 எம்ஏஹெச் என்பது 45.6. சின்ன எண்தான் பெரிய பேட்டரி. பிரவுசரும் வெளிச்சமுமாகச் சேர்ந்து 8 வாட் இழுத்தால் 38ஐ எட்டால் வகுங்கள். ஐந்து மணி நேரம்கூட வராது.

யுஎஸ்பி-சி இருக்கிறது என்றால் சார்ஜ் ஆகுமா, மானிட்டர் இணைக்கலாமா என்று இரண்டையும் கேளுங்கள். டேட்டா மட்டும் போகும் போர்ட்டும் அதே வடிவம்தான். ‘எஸ் மோட்’ விண்டோஸ் (மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப்களை மட்டும் ஓடவிடுவது) வந்தால் பயப்பட வேண்டாம், இலவசமாக வெளியேறலாம், திரும்ப முடியாது.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? கடைப் பக்கத்தில் பார்க்காதீர்கள். ஒரே பெயரில் வெளியாகும் லேப்டாப்புக்குள் இரண்டு மூன்று வகைத் திரையும் ரேமும் இருக்கும். முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, தயாரிப்பாளரின் சப்போர்ட் பக்கத்தில் போட்டுத் தேடுங்கள். சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் உள்ளே ஸ்லாட் இருக்கிறதா என்று படத்திலேயே தெரிந்துவிடும்.

புதியது எதுவும் ஒத்துவரவில்லை என்றால், அலுவலகங்கள் கழித்துவிடும் பிசினஸ் லேப்டாப் நல்ல மாற்று. கீபோர்டும் கீலும் உறுதியாக இருக்கும், ரேம் ஸ்லாட் பெரும்பாலும் உண்டு. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. பேட்டரி தேய்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

மெஷின் கைக்கு வந்த அன்று மாலையே, திருப்பிக் கொடுக்கும் அவகாசம் இருக்கும்போது, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு, அதாவது பிராசஸரின் முழு எண் இருக்கும். மெமரியைத் தட்டினால் எத்தனை ஸ்லாட், ஃபார்ம் ஃபேக்டர் என்ன என்று காட்டும். எஸ்ஓடிம் என்று வந்தால் ஸ்லாட். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று வந்தால் பற்றவைத்தது. தங்கையின் லேப்டாப்பில் அந்த வரி முதல் நாளிலிருந்தே இருந்தது. பத்து ஸ்க்ரூவையும் திரும்பப் பூட்டிய பிறகுதான் நான் அதைப் பார்த்தேன்.